மூடித் தகடு

இல்லை அக்கா, நான் அழவில்லை. கோபம் வந்தால் எனக்கு முதலில் மூக்கு சிவக்கும், அப்புறம் கண்ணில் தண்ணீர் வரும். பட்டிமன்றத்தில் பேசுகிற காலத்திலிருந்தே இப்படித்தான். எதிரணிக்காரர்கள் 'அழுதே ஜெயிச்சுட்டா' என்பார்கள். அழுதெல்லாம் இல்லை, பாயிண்ட் எடுத்து ஜெயித்தேன். அந்தத் தண்ணீர் பாட்டிலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம். சரி, கொடுங்கள், ஒரு வாய்.

நீங்கள் எதுவரைக்கும்? சங்ககிரியா? நல்லதாகப் போயிற்று. இன்னும் பள்ளிபாளையம் பாலமே வரவில்லை. உங்களிடம் ஒரு நியாயம் கேட்க வேண்டும். உங்களுக்கு என்னைத் தெரியாது, எங்கள் வீட்டு ஆட்களைத் தெரியாது. அதனால்தான் கேட்கிறேன். தெரிந்தவர்களிடம் கேட்டால் பாதிக் கதையிலேயே எழுந்து போய் அப்பா பக்கம் நின்றுகொள்கிறார்கள். எங்கள் அம்மா உட்பட.

நீங்கள் ஒன்று கேட்க, ஒருவர் உங்கள் கையில் வேறு ஒரு பொருளைக் கொடுக்கிறார். அதை நம்பி நீங்கள் சபையில் நின்று பேசுகிறீர்கள். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார், வாயைத் திறக்கவில்லை. இதற்கு என்ன பெயர்? துரோகம்தானே? அந்த ஆள் பெற்ற அப்பாவாக இருந்துவிட்டால் மட்டும் பெயர் மாறிவிடுமா? பதில் இப்போது சொல்ல வேண்டாம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அப்பா பெயர் அர்த்தனாரி. பெருந்துறைக்கு வெளியே ஷெட் போட்டு ஃபைபர் டேங்க் செய்கிறார். வீட்டு மாடியில் வைக்கிற தண்ணீர் டேங்க் இல்லை. சாயப்பட்டறையிலும் மில்லிலும் அமிலமும் காஸ்டிக் என்கிற காரமும் ஊற்றி வைக்கிற டேங்க். கண்ணாடியை நூலாக இழுத்துப் பாய் மாதிரி ஆக்கியிருப்பார்கள். அதை அச்சின்மேல் விரித்து, ரெசின் என்கிற பிசினை ஊற்றி, ரோலரால் தேய்த்து, அதன்மேல் இன்னொரு பாய், இன்னொரு ஊற்று, இப்படி அடுக்கடுக்காக. காய்ந்தால் கல் மாதிரி இருக்கும், துருப்பிடிக்காது. பலம் கண்ணாடி நூலுடையது. ரெசினுக்கு இரண்டு வேலை. நூல்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வது ஒன்று. உள்ளே இருக்கிற காரம் நூலைத் தொடாமல் காவல் காப்பது இன்னொன்று.

அந்தக் காவல் எவ்வளவு தாங்கும் என்பதுதான் என் ஆராய்ச்சி. சேலத்துக்கு அந்தப் பக்கம் யுனிவர்சிட்டியில் எம்.டெக். படிக்கிறேன். ஷெட்டுக்குப் பெயரே கோகிலவாணி ஃபைபர் ஒர்க்ஸ். கோகிலவாணி நான்தான். போர்டில் என் பெயர், அதன் கீழே 'வைனைல் எஸ்டர் டேங்குகள்' என்று கொட்டை எழுத்தில். வைனைல் எஸ்டர் என்றால் நல்ல ரெசின். காஸ்டிக்குக்கு ஈடுகொடுக்கிற ரெசின். இதை மனதில் வையுங்கள், பின்னால் வரும்.

ஆராய்ச்சிக்குத் தகடு வேண்டும். வேறெங்கே போவேன்? நேராக ஷெட்டுக்குத்தான் போனேன். நான் கேட்டதை அப்படியே சொல்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ மாட்டேன்.

"அப்பா, ஒரு தகடு வேணும்."

"எதுக்கு சாமி?"

"பட்டை பட்டையா வெட்டி, ஊறப்போட்டு, உடைக்கிறதுக்கு."

"உடைக்கிறதுக்கா?" என்று சிரித்தார். "எதுல ஊறப்போடுவ?"

"அதெல்லாம் உங்களுக்குச் சொன்னாப் புரியாதுப்பா. குடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சுவரில் சாய்த்து வைத்திருந்ததில் ஒன்றை எடுத்தார், துணியால் துடைத்தார். "இது ஆகுமான்னு பாரு" என்றார். "ஆகும் ஆகும்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கேட்டீர்களா? தெளிவாகக் கேட்டிருக்கிறேன். தகடு என்று கேட்டேன், தகடு என்று கொடுத்தார். டேங்க் செய்கிற ஷெட்டில் தகடு என்றால் டேங்குத் தகடுதானே? ஹோட்டலில் போய்த் தோசை கேட்டால் 'சாப்பிடற தோசைங்களா' என்று கேட்டுவிட்டா கொடுப்பார்கள்?

லேபில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்குக் கண்ணைக் கட்டும். அமிலத்தில் கொஞ்சம் பட்டை, காஸ்டிக்கில் கொஞ்சம், உப்புத் தண்ணீரில் கொஞ்சம், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீரில் கொஞ்சம். தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குறையும். குறைந்ததற்குக் காஸ்டிக்கையே ஊற்றி நிரப்பக் கூடாது, காரம் ஏறிப்போகும். வெறும் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். என் சீனியர் ஒருத்தர் இதில்தான் கோட்டை விட்டார். நான் விடவில்லை. பட்டையை வெட்டினால் ஓரத்தில் நூல் நுனி திறந்து நிற்கும், அது வழியாகக் காரம் சுலபமாக உள்ளே போய்விடும். நிஜ டேங்கில் அப்படித் திறந்த ஓரம் இருக்காது. அதனால் ஒவ்வொரு பட்டைக்கும் ஓரம் பூசினேன். ஒரு பட்டையைக்கூட விடவில்லை. எங்கள் சுதர்சனம் சார், என் கைடு, "வாணி, உன் வேலையில ஊசி நுழைய இடமில்லம்மா" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குத் தெரியாது.

நடுவில் அப்பா போன் செய்தார். "அந்தத் தகட்ட எதுல சாமி போட்டிருக்கற?" என்றார். லேபில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டேன். இன்னொரு நாள் மறுபடியும் போன். "வேற தகடு ஒண்ணு உனக்குன்னே ஊத்தி வெச்சிருக்கறன். வந்து எடுத்துட்டுப் போறயா?" எப்படி இருக்கும் எனக்கு? பாதி வேலை முடிந்துவிட்டது. "அப்பா, இது ஆராய்ச்சி. நடுவுல தகடு மாத்தறதுக்கு இது என்ன சாம்பாரா?" என்றேன். "செரி, பரவால்ல விடு" என்றார்.

அந்தப் 'பரவால்ல' இருக்கிறதே, அதுதான் அக்கா எல்லாவற்றுக்கும் மூலம். பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம்? சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றுதானே? பரவாயிருந்தது என்றால் சொல்லியிருக்க வேண்டாமா?

என்ன பார்க்கிறீர்கள்? ஆமாம், நான்தான் போனை வைத்தேன். மறுபடி கூப்பிட்டிருக்கலாமே. வாட்ஸப் இருக்கிறது, அம்மா இருக்கிறார்கள். சொல்ல வேண்டும் என்று நினைக்கிறவருக்கு ஆயிரம் வழி.

பாலம் வந்துவிட்டது பாருங்கள். தண்ணீர் கொஞ்சம்தான் ஓடுகிறது.

மழைக்காலத்தில் ஊறப்போட்டவற்றை மாசியில் எடுத்தேன். உப்புத் தண்ணீரில் இருந்தவை பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அமிலத்தில் இருந்தவற்றின் பலம் கொஞ்சம் இறங்கியிருந்தது. காஸ்டிக் தொட்டியில் கையுறை போட்டுக் கையை விட்டேன், பட்டை சோப்பு மாதிரி வழுக்கியது. மேல்தோல் வெளுத்து, இடையிடையே நூல் துருத்திக்கொண்டு நின்றது. மெஷினில் வைத்து வளைத்தேன். நல்ல பட்டை உடைந்தால் வெடி மாதிரிச் சத்தம் வரும், லேபில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இதில் சத்தமே இல்லை. ஈர அட்டை மாதிரி மடிந்தது. நூல் தனியாக வந்தது, பிசின் தனியாக உதிர்ந்தது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்ததை உள்ளே எப்போதோ விட்டுவிட்டிருக்கின்றன. பலம் பாதிக்கும் கீழே.

சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. எங்கள் துறையில் எதுவும் ஆகவில்லை என்றால் கட்டுரை கிடையாது. ஏதாவது உடைந்தால்தான் கட்டுரை.

அப்பா செய்த தகடாயிற்றே என்று தோன்றவில்லையா என்கிறீர்களா? தோன்றியது. தோன்றியதால்தான் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அப்பா என்பதற்காக மறைத்தால் அது மோசடி. எனக்கு வீடு வேறு, விஞ்ஞானம் வேறு. அட்டவணையில் ரெசின் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் வைனைல் எஸ்டர் என்று போட்டேன். வேறு என்ன போடுவது? போர்டிலேயே எழுதியிருக்கிறதே.

பங்குனியில் கருத்தரங்கு. மில்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் அப்பாவையும் வரச் சொன்னேன். பட்டிமன்றக் காலத்தில் என்னை டி.வி.எஸ். வண்டியில் வைத்து ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். நான் பேசும்போது எப்போதும் கடைசி வரிசையில் உட்காருவார். முன்னால் உட்கார்ந்தால் எனக்குக் கூச்சமாகப் போய்விடுமாம். அன்றைக்கும் கல்யாண வீட்டுக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில்.

நான் பேசி முடித்தேன். துரைராஜ் என்று ஒருத்தர் எழுந்தார், ஒரு மில்லின் மேனேஜர். அந்த மில் காஸ்டிக் டேங்க் எல்லாவற்றையும் மாற்றப்போகிறது, அந்த வேலையை அப்பாவுக்குத்தான் கொடுப்பதாகச் சொல்லியிருந்தது. அதை நம்பித்தான் அப்பா பெரிய அச்சே புதிதாகச் செய்திருந்தார். அது எனக்கும் தெரியும்.

"மேடம், இந்தத் தகடு எங்க செஞ்சது?"

சுதர்சனம் சார் கண்ணைக் காட்டினார், சொல்ல வேண்டியதில்லை என்று. எனக்கு எதற்கு ஒளிவுமறைவு? "பெருந்துறை, கோகிலவாணி ஃபைபர் ஒர்க்ஸ். எங்க அப்பாவோட ஷெட்" என்றேன். ஹால் முழுக்க ஒரு சலசலப்பு.

"ரெசின்?"

"வைனைல் எஸ்டர்."

"டேங்குக்குப் போடற அதே தகடுங்களா?"

"அதேதான் சார்."

"உறுதியாச் சொல்றீங்களா?"

"உறுதியா."

அப்போது கடைசி வரிசையைப் பார்த்தேன். அப்பா எழுந்திருக்கிற மாதிரி இருந்தது. முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். அதற்குள் யாரோ கைதட்டினார்கள். சொந்த அப்பா என்றுகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டாளே என்று. அப்புறம் ஹாலே தட்டியது. அப்பா உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து அவரும் கைதட்டினார் அக்கா!

சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து, "நல்லாப் பேசுன சாமி" என்றார். வேலை இருக்கிறது என்று சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார்.

நாலு நாள் கழித்து அம்மா போன் செய்தார்கள். "ஏண்டி, உங்கப்பாகிட்ட என்னன்னு கேட்டுத் தகடு வாங்குன? அது மூடித் தகடாமா."

டேங்குக்கு மேலே மூடி இருக்குமில்லையா, அதில் காஸ்டிக் படாது. அதனால் அதற்குச் சாதா ரெசின் போடுவார்கள். ஜி.பி. ரெசின் என்பார்கள். காஸ்டிக்கில் போட்டால் அது கரைந்துதான் போகும், எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. வெட்டி உடைக்கப்போகிற பிள்ளைக்கு நல்ல தகடு எதற்கு, மூடியே போதும் என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார். "உடைக்கத்தான கேட்டா, எதுல ஊறும்னு அப்பத் தெரியாது" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

இப்போது சொல்லுங்கள். ஒரே ஒரு வாக்கியம். 'அது டேங்குத் தகடு இல்லீங்க, மூடித் தகடு.' இந்த ஒரு வாக்கியத்தை அந்த ஹாலில் எழுந்து சொல்லியிருந்தால் என்ன? தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தார். தன் பெண் இருநூறு பேர் முன்னால் தப்பான ஒன்றை 'உறுதியா' என்று சொல்வதை, 'உறுதியா' என்றேன் அக்கா, அதைக் கேட்டுக்கொண்டு கைதட்டியிருக்கிறார். என்னை யாரும் இப்படி முட்டாளாக்கியதில்லை.

எனக்காகவா? நீங்களும் அம்மா மாதிரியே பேசுகிறீர்களே. எனக்காக என்றால் நான் கேட்டேனா? 'அப்பா, நான் தப்பாகப் பேசினால் நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள்' என்று என்றைக்காவது சொல்லியிருக்கிறேனா? எனக்கு அவர் பேசியிருந்தால் பிடித்திருக்கும். வாதம் பண்ணியிருப்பேன். என்ன வாதமா? தகட்டை மாற்றிக் கொடுத்தது அவர், அதில் என் பிழை என்ன என்று வாதம்.

சரி, அதைத்தான் நேற்று ஷெட்டுக்கே போய்க் கேட்டேன். ஷெட்டில் வேலையாட்கள் யாரும் இல்லை. பெரிய அச்சு மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. அந்த மில் வேண்டாம் என்றுவிட்டது. பக்கத்து மில்லும் யோசித்துச் சொல்கிறோம் என்றுவிட்டதாம். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து, பழைய ரோலரில் காய்ந்துபோன ரெசினைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா அன்னிக்கு எந்திரிச்சுச் சொல்லல?"

"அத்தன பேரு முன்னால எப்படி சாமி?"

"என்ன எப்படி? வாய் இருக்குதில்ல?"

"நீ அவங்க கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குன்னு சொல்லிட்டு நின்ன. நல்லாருந்துச்சு பாக்கறதுக்கு."

இது ஒரு பதிலா? நீங்களே சொல்லுங்கள். நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது ஒன்று. நான் எடுத்துச் சொல்லச் சொல்ல, ரோலரைச் சுரண்டுகிறார். முதல் பாயிண்ட், இரண்டாவது பாயிண்ட், மூன்றாவது. எதற்கும் மறுப்பு இல்லை. "செரி சாமி", "ஆமா சாமி". எதிரில் ஆளே இல்லாமல் எப்படி அக்கா வாதம் பண்ணுவது?

அப்போதுதான் அம்மா ஷெட்டை ஒட்டியிருக்கிற எங்கள் வீட்டிலிருந்து கரண்டியோடு வந்து சொன்னார்கள். போன வாரம் அந்தத் துரைராஜே ஷெட்டுக்கு வந்தாராம். கெட்ட மனுஷர் இல்லை, நேரில் கேட்டுப்போக வந்திருக்கிறார். "அர்த்தனாரி, உங்கள ரொம்ப நாளாத் தெரியும். உங்க பொண்ணு சொன்னது நெசமா? இல்லீன்னா இல்லீன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் டேங்குக்கு ஆர்டர் எழுதிட்டுப் போயிடறேன்" என்றாராம்.

இதைவிட ஒரு வாய்ப்பு வேண்டுமா? நானும் இல்லை, ஹாலும் இல்லை, கைதட்ட ஆளும் இல்லை. இவர் என்ன சொன்னார் தெரியுமா?

"என்ற புள்ள சொன்னா அது செரியாத்தானுங்க இருக்கும்."

அவ்வளவுதான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

பார்த்தீர்களா? இங்கேதான் அவர் வசமாக மாட்டினார். நான் சொன்னது சரி என்றால் அது டேங்குத் தகடு. அப்படியானால் மூடித் தகடு என்று அம்மாவிடம் சொன்னது பொய். மூடித் தகடு என்பது நிஜம் என்றால் துரைராஜிடம் சொன்னது பொய். இரண்டில் ஒன்று பொய்தானே? இதை அப்படியே அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன். ரோலரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். அம்மா மட்டும் கரண்டியை வைத்துவிட்டு, "நீ மொதல்ல கெளம்புடி" என்றார்கள். சொந்த வீட்டில்!

அக்கா, ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்? வெயிலா? திரையை இழுத்துவிடவா?

என்ன? சாரிடமா? இல்லை, சாரிடம் இன்னும் சொல்லவில்லை.

அது அவ்வளவு சுலபம் இல்லை. அந்தக் கட்டுரை கருத்தரங்குத் தொகுப்பில் வரப்போகிறது. திருத்தம் இருந்தால் இன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும் என்று சார் நேற்றே செய்தி அனுப்பியிருந்தார். திருத்தம் என்றால் ஒரு சொல்லை மாற்றுவது இல்லை. ரெசின் கட்டத்தில் வைனைல் எஸ்டரை அடித்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? சாதா ரெசின் காஸ்டிக்கில் கரையும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். ஊசி நுழைய இடமில்லை என்றாரே சார், அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

அதுவும் போக, என் முடிவில் என்ன தப்பு? அந்தத் தகடு காஸ்டிக்கில் பலம் இழந்தது. இழந்ததா இல்லையா? அந்த ஷெட்டில் செய்ததா இல்லையா? ஆமாம். நான் அளந்தது ஒவ்வொன்றும் நிஜம். ஒரே ஒரு சொல்தான் தப்பு, அதுவும் என் சொல் இல்லை, அவர் போர்டில் இருந்த சொல். அவர் கொடுத்ததை அவரே திருத்தட்டும். அவர் துரைராஜுக்குப் போன் போட்டு 'அது மூடித் தகடுங்க' என்று சொல்லட்டும். சொன்ன அடுத்த நிமிடம் நான் சாருக்குச் சொல்கிறேன். நியாயம்தானே? தப்பு எங்கே ஆரம்பித்ததோ அங்கிருந்துதானே திருத்தமும் ஆரம்பிக்க வேண்டும்?

அவர் சொல்லமாட்டார் என்கிறீர்களா? அது எனக்கும் தெரியும். அவரைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

ஒரு நிமிடம். போன். யார் இது... சுதர்சனம் சார்தான்.

எடுக்கலாம். எடுக்கக் கூடாது என்று இல்லை. இந்தப் பஸ் இரைச்சலில் எதைப் பேசுவது? இறங்கி நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது. ஒரு சொல்லை மாற்றச் சொன்னால், ஏன், எப்படி, யார் என்று இருபது கேள்வி கேட்பார். அவர் கேள்வி கேட்கிற ரகம், உங்களுக்குத் தெரியாது.

கண்டக்டர் சங்ககிரி, சங்ககிரி என்கிறார் பாருங்கள். உங்கள் பை மேலே இருக்கிறது, இருங்கள், நான் எடுத்துத் தருகிறேன். நீங்கள் இன்னும் தீர்ப்பே சொல்லவில்லையே அக்கா? என்ன, போனையே பார்க்கிறீர்கள்?

அடித்து ஓய்ந்துவிட்டது. பார்த்தீர்களா, அவருக்கே ஒன்றும் அவசரம் இல்லை.